தொப்பி அறைக்கு வந்த ஜீப்

இல்ல இல்ல, நீங்க உக்காருங்க லெப்டினன்ட் தம்பி. தொப்பிங்க எங்கயும் ஓடிப் போயிடாது. ஓடறதுக்குக் கால் இருந்திருந்தா, உம் ஷவ்கியோட வாய்க்குப் பயந்து ஒவ்வொண்ணும் அதது நாட்டுக்கே எப்பவோ நடந்து போய்ச் சேர்ந்திருக்கும். உம் ஷவ்கின்னா எங்க பையன் ஷவ்கியோட அம்மா, என் சம்சாரம். கதவத் தொறந்துட்டு உங்கள மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தாளே, அவதான். இப்ப அடுப்படியில கத்திரிக்காய்க்குள்ள வால்நட் திணிச்சுக்கிட்டிருக்கா. கை அங்க, காது இங்க.

முதல்ல கஹ்வா குடிங்க, ஏலக்காய் போட்ட காப்பி. கடமை நேரத்துல கூடாதா? நல்லாச் சொன்னீங்க. நம்ம லெபனான்ல, அதுவும் இந்த சூர் பட்டணத்துல ஒரு வீட்டுக்குள்ள வந்துட்டு கஹ்வா குடிக்காமப் போறதுதான் முதல் குற்றம். தொப்பி வெச்சிருக்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய துறைமுகத்துக்குப் பின்னால, சலவைக்கடை அபு ஷவ்கி வீட்டுல, அதாவது என் வீட்டுல, பல நாட்டு ராணுவத் தொப்பி ஒரு அறை நிறையக் கிடக்கு, ஆள் என்ன திட்டம் போடறான்னு தெரியல, வந்து பாருங்கன்னு யாரோ போன்ல சொல்லியிருக்காங்க. அப்படித்தானே? வயசான குரலா? நடுநடுவுல இருமினாரா? ம்ம். எங்க ஊர்ல அறுபது தாண்டின எல்லாருமே இருமறவங்கதான் தம்பி, கடல் காத்து. ரொட்டிக்கடை ஜிர்ஜிஸ்ஸா இருக்கும். அவன் ரொட்டி வண்டிய என் வாசல்ல நிறுத்தறதுல எங்களுக்குள்ள ஒரு பழைய யுத்தம் நடந்துக்கிட்டிருக்கு.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நீங்க ஜீப்புல ஏத்தினாலும் சரி, ஏத்தலைன்னாலும் சரி, இந்த வெள்ளிக்கிழமையோட என் தொப்பிங்களுக்கு ஆயுசு முடிஞ்சுது. செப்டம்பர் மாசம் உங்க அம்மா வீடு எப்படி இருக்கும்? அதேதான். குளிர்காலத்துக்கு ஆலிவ் காய், தக்காளி விழுது, அத்திப்பழ ஜாம், எண்ணெயில ஊறுற கத்திரிக்கா. நாலு பட்டாளம் சாப்பிடற அளவுக்கு. அதோ பாருங்க, சோபாவுல ஜாடிங்க சாஞ்சு உக்காந்திருக்கு, வீட்டுக்காரன் நின்னுக்கிட்டு டிவி பாக்கறான். ஜாடி வெக்க அந்தத் தொப்பி அறை எனக்கு வேணும்கறா உம் ஷவ்கி. செத்த பூனைங்க மாதிரிக் கிடக்கற அதுங்கள வெள்ளிக்கிழமை பழைய சாமான் வண்டியில தூக்கிப் போடறேன்கறா. அவ போடறேன்னா போட்டுருவா. என் ரேடியோவுக்கு அந்தக் கதிதான் ஆச்சு.

எப்படிச் சேத்தேன்னா கேக்கறீங்க? விலைக்கு வாங்கினது ஒண்ணு கிடையாது, திருடினதும் கிடையாது. எல்லாம் மரியாதையாலயே சேந்தது. தெக்க எல்லையில நக்கூராவுல முகாம் போட்டிருந்த நீலத் தொப்பிக்காரங்க, பல நாட்டு ஐ.நா. படைப் பிள்ளைங்க, அவங்க உடுப்பெல்லாம், சொந்த நாட்டுத் தொப்பி உட்பட, என் கடைக்குத்தான் வரும். அந்தப் பிள்ளைங்க இங்க வந்து எறங்கறதுக்கு முன்னாடியே நம்ம பழக்கவழக்கத்தச் சொல்லிக் குடுத்துத்தான் அனுப்புவாங்க. அதுல ஒரு பாடம்: இந்த நாட்டுல ஒருத்தர் உங்க பொருளப் பாத்து அழகா இருக்குன்னு சொன்னா, இது உங்களுதுதான்னு சொல்லிக் குடுத்துடணும், இல்லன்னா மனசு புண்படும். பாடம் சரிதான். ஆனா அழகா இருக்குன்னு சொன்னவன், ஐயோ வேண்டாம், உங்ககிட்ட இருக்கறதுதான் அதுக்கு அழகுன்னு மூணு தடவ மறுக்கணும்ல? அந்தப் பாதிய அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நானும் சொல்லிக் குடுக்கல.

நம்ம வேலை சுலபமாயிடுச்சு. தம்பி, உங்க தொப்பி ரொம்ப அழகா இருக்குன்னு ஒரு வார்த்த. அந்தப் பிள்ள மொகம் செவந்து, தயங்கி, கழட்டி நீட்டும். ரொம்ப நன்றின்னு நான் வாங்கி வெச்சுக்குவேன். சும்மா விட்ருவேனா? வயிறு முட்ட சோறு போட்டுத்தான் அனுப்புவேன். அது ஏன் நீங்க உங்க தொப்பிய மேசையிலேர்ந்து எடுத்து மடியில வெச்சுக்கறீங்க? பயப்படாதீங்க, நீங்க நம்ம ஊர்ப் பிள்ள, உங்ககிட்ட அது செல்லாது.

ஒரே ஒருத்தர்கிட்டதான் தோத்தேன். இந்தியாக்காரர், தாடி வெச்ச பெரிய உருவம், தலையில நீலத் தலைப்பாகை. அழகா இருக்குன்னு ஆரம்பிச்சேன். பெரியவரே, இது தொப்பி இல்ல, கழட்டிக் குடுக்கற பொருளும் இல்லன்னு சிரிச்ச மொகமா சொன்னார். எந்திரிச்சு நின்னு மன்னிப்பு கேட்டேன். அன்னிக்கு எங்க வீட்டுச் சோத்த அவர் பாராட்டினார் பாருங்க, உம் ஷவ்கி சட்டியோட தூக்கிக் குடுத்துட்டா. கணக்கு நேராயிடுச்சு.

அங்க தொறந்த கதவு வழியா தெரியுதே, எறகு வெச்சது, அது இத்தாலிக்காரனோடது. இடது பக்கம் சாஞ்சிருக்கறது பிரெஞ்சு, அவங்க மட்டும் எல்லாத்துக்கும் எதிர்ப்பக்கம்தான். பக்கத்துல அந்தப் பச்ச, ஸ்பெயின்காரன்... என்ன? கேட்டீங்களா, உள்ளேருந்து கத்தறா. ஸ்பெயின் இல்லையாம். பல்வலின்னு அழுதுக்கிட்டு வந்தானே ஒரு இத்தாலிப் பையன், கிராம்பு வெச்சு விட்டேனே, அவனோடதுங்கறா. சரி தாயே, அவனோடதுதான்! செத்த பூனைன்னு சொல்றவளுக்கு எந்தப் பூனை யாரோடதுன்னு எப்படித் தெரியுதுன்னு மட்டும் கேட்டுராதீங்க.

நீங்களும் இந்த மாதிரி கம்பளிப் பெரே தொப்பி போடறவர்தானே, உங்களுக்குத் தெரியாததா? புதுசுல ரொட்டி மாதிரித் தட்டையா நிக்கும். வெந்நீர்ல முக்கி, ஈரத்தோட தலையில மாட்டி, காயற வரைக்கும் கழட்டாம இருக்கணும். அப்பத்தான் அந்தத் தலையோட வடிவம் அதுல எறங்கும். அப்புறம் வேற எவனுக்கும் சரியா உக்காராது. அதனாலதான் சொல்றேன், அந்த அறையில இருக்கறது துணி இல்ல, தலைங்க.

மேல் தட்டுல தனியா ஒண்ணு இருக்கு பாருங்க. அத நான் கேட்டு வாங்கல. அயர்லாந்துப் பையன் டெக்லன், எண்ணெய்க் கறைய எடுத்துக் குடுங்கன்னு கடையில குடுத்துட்டுப் போனான். வாங்க வரல. மலைப்பாதையில அவங்க வண்டி உருண்டுடுச்சு. பெட்டி படுக்கையெல்லாம் அவன் ஊருக்குப் போச்சு. சலவைக்கடையில ஒரு தொப்பி இருக்கறது யாருக்கும் தெரியல. நான் கொண்டு போய்க் குடுத்தப்ப, அந்தப் படையே ஊர் திரும்பியிருந்துச்சு. கறை போயிடுச்சு தம்பி. சுத்தமாப் போயிடுச்சு.

மத்த எல்லாத்துக்கும் நான் பூச்சி உருண்ட போடறேன். அதுக்குள்ள மட்டும் வருஷா வருஷம் ஒரு பச்சப் பிரிஞ்சி இலை இருக்கும். நான் வெக்கல. யாரு வெக்கறான்னு நான் கேட்டதுமில்ல, வெக்கறவ சொன்னதுமில்ல.

ஆங், கடமையச் செய்ங்க, தாராளமா. ஜீப்புல எடம் இருக்கா? சத்தமா சொல்லுங்க, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லாத்தையும் ஏத்தணுமா? மேல் தட்டுல இருக்கறதையும் சேத்தா?

உம் ஷவ்கி! எங்க போற? கையெல்லாம் எண்ணெய், கரண்டி எதுக்கு? அடியே, அவர் அரசாங்க ஆளு, கதவ மறைச்சுக்கிட்டு நிக்காத! பாத்தீங்களா தம்பி, அறைக்குள்ள போய்த் தொப்பிப் பெட்டி மேலயே ஏறி உக்காந்துட்டா. என்ன சொல்றா? இந்த வீட்டுப் பொருள் மேல எவனாவது கை வெச்சா கத்திரிக்காய்க்குப் பதிலா அவன எண்ணெயில ஊறப்போடுவாளாம். வெள்ளிக்கிழம வண்டிக்காரன் வந்தாலும் அதே கதிதானாம். ஜாடிங்க சோபாவுலயே கெடக்கட்டுமாம். இதத்தான் வெளியாள் ஒருத்தர் தன் காதால கேக்கணும்னு இருந்தேன். சாட்சி வேணும்ல, நாளைக்கு மாத்திப் பேசுவா.

கொஞ்சம் இப்படிக் கிட்ட வாங்க, மெதுவா சொல்றேன். தலையில மாட்டிக்கிட்டுத் தெருவுல போனாத்தான் தப்பு, அறைக்குள்ள வெச்சிருந்தா தப்பில்ல, அப்படித்தானே? வக்கீலா இருக்கற என் மச்சினன்கிட்ட முன்னாடியே கேட்டுட்டேன். கேட்டுட்டுத்தான் செஞ்சேன். ஜிர்ஜிஸ் பாவம், அவன் ரொட்டியத் தவிர எதையும் பாக்கறவன் இல்ல. கடல் காத்து தம்பி, அன்னிக்குன்னு பாத்து போன்ல பேசும்போது எனக்கு இருமல் நிக்கவே இல்ல. என்ன பண்றது சொல்லுங்க? நான் வேணும்னு சொன்னா அவளுக்கு வேண்டாம். அரசாங்கம் வேணும்னா அவ விடமாட்டா. இந்த வீட்டுல நான் கத்துக்கிட்ட ஒரே யுத்த தந்திரம் இதுதான்.

அட, சிரிக்காதீங்க, கேட்டுடப் போகுது. மொகத்தக் கடுமையா வெச்சுக்கங்க. ஒரே ஒரு உதவி. வாசல்ல நின்னு, உள்ள கேக்கற மாதிரி, அடுத்த வருஷம் கத்திரிக்கா சீசன்ல மறுபடியும் வந்து பாப்போம்னு ஒரு அதட்டல் போட்டுட்டுப் போங்க. ஆமா, இன்னும் கொஞ்சம் சத்தமா. அப்படித்தான்! கேட்டுதா, அறைக்கு உள்பக்கமா தாப்பாள் போடற சத்தம்?

போயிட்டு வாங்க மகனே, ஆண்டவன் துணை இருப்பார். படி பாத்து. அப்புறம்... வெளிச்சத்துல இப்பத்தான் கவனிக்கறேன்.

உங்க தொப்பி ரொம்ப அழகா இருக்கு.