மூன்றாவது அட்டை

சுமங்களா: இந்த டெஸ்ட் அட்டையை இன்னும் ஆட்டணுமா, வீரபத்ரா சார்? கை கழண்டுடும் போல இருக்கு.

வீரபத்ரா: கரண்ட் இல்லைன்னா மெஷினுக்குப் பதிலா கைதானே. நிறுத்தாதீங்க மேடம். மெதுவா, வட்டமா...

சுமங்களா: எனக்கே சொல்லித் தர்றீங்களா? வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவர்!

வீரபத்ரா: அதை இன்னும் மறக்கலையா?

சுமங்களா: எப்படி மறக்க? என் மேலதானே விழுந்தீங்க.

வீரபத்ரா: ...காலையிலேர்ந்து இந்த லேபுல கர்ப்பிணிங்க ரத்தம், லாரிக்காரங்க ரத்தம்னு பார்த்துப் பார்த்துக் கண்ணே இருட்டுது.

சுமங்களா: அப்போ வீட்டுக்குப் போங்க. இதை நாளைக்குப் பார்த்துக்கலாம்.

வீரபத்ரா: போய் நானேதான் ஜோள ரொட்டி தட்டணும். என்ன அவசரம்?

சுமங்களா: கல்யாணம் பண்ணிக்கோங்கன்னு ஆபீஸே சொல்லுச்சு. கேட்டீங்களா?

வீரபத்ரா: ...உங்க வீட்டுக்காரர் இன்னும் வெளியிலயா இருக்கார்?

சுமங்களா: வேப்பமரத்தடியில. மண்டக்கிப் பொரி வாங்கித் தின்னுட்டிருக்கார். பொண்டாட்டி, மகளை விட்டுட்டு கோவாவுக்கு ஓடினப்போ வராத பசி, திரும்பி வந்ததும் வந்துடுச்சு.

வீரபத்ரா: ரத்தம் குடுக்க முரண்டு பண்ணலையே?

சுமங்களா: இல்லையே. 'டெஸ்ட் பண்ணிக்கோ, சுத்தம்னு வந்தா வீட்டுக்கு வா'ன்னு நான் சொல்லி வாயை மூடலை, சட்டைக் கையை மடக்கிட்டார். அத்தை இப்பவே மகனுக்கு இனிப்பா ஹோளிகெ தட்டிட்டிருக்காங்க.

வீரபத்ரா: உங்க மக காவேரி என்ன சொல்றா?

சுமங்களா: 'உன் இஷ்டம்மா'ங்கறா. முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேங்கறா.

வீரபத்ரா: எச்.ஐ.வி. மத்தியானமே பார்த்துட்டேன். இல்லை.

சுமங்களா: தெரியும். சிபிலிஸ் மட்டும் எதுக்கு சார் மூணாவது தடவை?

வீரபத்ரா: முதல் தடவை... மருந்தை ஃப்ரிட்ஜிலேர்ந்து எடுத்தவுடனே ஊத்திட்டேன். ஜில்லுன்னு இருந்தா சரியாக் காட்டாது.

சுமங்களா: நீங்களா? அந்தத் தப்பைப் பண்ணிட்டுத் திட்டு வாங்காத பிள்ளை இங்க இல்லை. ரெண்டாவது தடவை?

வீரபத்ரா: கரண்ட் போய் மெஷின் பாதியில நின்னுடுச்சு.

சுமங்களா: அந்த அட்டையை நீங்க வெளியில எடுத்தப்புறம்தானே கரண்ட் போச்சு?

வீரபத்ரா: ஆட்டறதை நிறுத்திட்டீங்க.

சுமங்களா: நேரம் ஆயிடுச்சு. போதும். பாருங்க.

வீரபத்ரா: நீங்களே பாருங்களேன்.

சுமங்களா: சொந்தக்காரங்க அட்டையை நாமளே பார்க்கிற வழக்கம் இங்க எப்ப வந்துச்சு? ஜன்னல்கிட்ட கொண்டு போங்க. நோய் இருந்தா கருப்பு திரளுமே, திரண்டிருக்கா?

வீரபத்ரா: இல்லை.

சுமங்களா: ஓரத்துல? பொடிப்பொடியா ஏதாவது?

வீரபத்ரா: இல்லை மேடம். ஒரே சாம்பலா, வழவழன்னு கிடக்கு. முதல் அட்டையும் இப்படித்தான். ரெண்டாவதும் இப்படித்தான். மருந்து ஜில்லுன்னெல்லாம் இல்லை.

சுமங்களா: அப்புறம் ஏன்?

வீரபத்ரா: கேட்காதீங்க.

சுமங்களா: கேட்கறேன்.

வீரபத்ரா: திரளாதான்னு பார்த்தேன். ஒரு மனுஷனுக்கு நோய் இருக்கணும்னு... இத்தனை வருஷம் இந்த வேலையைப் பார்த்துட்டு... ச்சீ. என்னைத் திட்டுங்க மேடம்.

சுமங்களா: எந்த வாயால திட்டறது?

வீரபத்ரா: என்ன?

சுமங்களா: கை வலிக்க வலிக்க நான் எதுக்கு ஆட்டினேன்னு நினைச்சீங்க? ஒரு கருப்புத் துளி திரண்டாப் போதும், அவரை வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்ல வேற காரணம் தேட வேண்டாம்னு இருந்தேன்.

வீரபத்ரா: சுமங்களா...

சுமங்களா: இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் பேர் சொல்லிக் கூப்பிடறீங்க.

வீரபத்ரா: ஆனா சுத்தம்னா வீட்டுக்கு வான்னு சொல்லிட்டீங்களே.

சுமங்களா: சொல்லியிருக்கக் கூடாது. நான் எடுக்க வேண்டிய முடிவை அந்த ஆளோட ரத்தத்து மேல போட்டுட்டேன்.

வீரபத்ரா: ஐயோ, எழுந்து இந்தப் பக்கமா வர்றார். என்ன சொல்லட்டும்?

சுமங்களா: உள்ளதைச் சொல்லுங்க, ஒண்ணும் இல்லைன்னு. வீட்டுக்கு வர வேண்டாம்ங்கறதை நான் சொல்லிக்கறேன். ஏன்னு கேட்பார்... அப்ப மட்டும் உள்ள ஓடிடாதீங்க. என் பக்கத்துல நில்லுங்க. மயக்கம் வந்தா வரட்டும், என் மேலயே விழுங்க.