தறிச் சத்தம் பிடிக்கும் பெட்டி

ஆற்காட்டிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில் நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த டேப் ரிக்கார்டர் விளம்பரத்தைப் பின்சீட்டில் இருந்த நெசவாளர்கள் இருவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டார்கள்.

“இதை வாங்கியே ஆகணும் மாமா,” என்றான் இளையவன். “என் தறிச் சத்தத்தைப் பிடிச்சு வெச்சி, அதை ஓடவிட்டுட்டு மேட்னி ஷோ போயிடுவேன். எங்க நைனாவுக்குக் கண்ணு தெரியாது. ஆனா சத்தம் நின்னா, பக்கத்து ரூம்ல இருந்து ஊரே கேக்குற மாதிரி திட்டுறாரு.”

“மூணு மணி நேரச் சத்தம் பிடிக்கணும்னா, மூணு மணி நேரம் நிறுத்தாம நெய்யணுமேடா?” என்றார் மாமா.

தாமல் ஏரியைக் கடந்ததும் அவன் மறுபடி விளம்பரத்தை எட்டிப் பார்த்தான்.

“அப்போ உன் தறியில பிடிச்சுக்கிறேன்.”

“டேய், என் கை ஓடுற சத்தம் உங்க நைனாவுக்குத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும். உன்னை மாதிரி நெய்ய மாட்டேங்கிறேன்னுதான் தினம் திட்டிக்கினு இருக்காரு. அதைக் கேட்டா, பையன் திருந்திட்டான்னு நிம்மதியா தூங்குவாரு மாமா.”