பன்னிரண்டு எட்டு ஓடிப் பாடியவர்

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மணியைக் கையில் பிடித்திருக்கும் தலைமையாசிரியை மிஸ் ஐவரீன் அவர்களே! ஜெபம் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் அவர்களே! மேற்குக் கிங்ஸ்டனின் சந்துபொந்துகளிலிருந்தெல்லாம் வெள்ளைத் தொப்பியும் விசிறியுமாக வந்து முன்வரிசையை முழுசாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! பின்வரிசையில் வறுத்த மீனோடு நிற்கும் பெரியோர்களே! எல்லோருக்கும் நடுவில் அமர்ந்து, மைக்கைத் தள்ளிப் பிடி என்று என்னைச் சைகையால் திட்டிக்கொண்டிருக்கும் இன்றைய நாயகர், எழுபத்தைந்து வயது நிறைந்த லாசல்ஸ் பின்னாக் அவர்களே! ஹெட்லி மரே ஆகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தள்ளிப் பிடித்துவிட்டேன், அண்ணா. போதுமா? போதுமாம்.

இவரைப் பாடகர் என்பார்கள் சிலர். ஒலிப்பதிவாளர் என்பார்கள் சிலர். ரெகே என்ற பெயரே ஊர் வாயில் சரியாக நுழையாத காலத்தில், இரண்டு வேலையையும் ஒரே பாட்டில் பார்த்த மனிதர் இவர். எப்படி? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. ஸ்டுடியோவில் ஆறு வாத்தியக்காரர்கள் தயார். பாட வேண்டியவன் வரவில்லை. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பொத்தான் திருகி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அறையிலிருந்து லாசல்ஸ் தலையை நீட்டினார்: "நான் பாடுறேன் முதலாளி."

"நீ பாடினா பொத்தானை யாருய்யா திருகுறது? உங்க அத்தையா?"

"அதையும் நானே பாத்துக்கறேன்."

அன்றைக்கு எல்லாம் ஒரே நாடா, ஒரே ஓட்டம். வெட்டி ஒட்டும் வித்தை கிடையாது. முதல் சரணம் முடிந்ததும் டிராம்போன் குழல் எழும். அந்த ஒலியைக் கூட்டாவிட்டால் முரசு அதை விழுங்கிவிடும். என்ன செய்தார் லாசல்ஸ்? பாடினார். ஓடினார். கதவைத் தள்ளினார், திருகினார், திரும்ப ஓடினார்! போக ஆறு எட்டு, வர ஆறு எட்டு. இரண்டாம் சரணத்தின் வாசலில், "ஹா... ஹா..." என்று மூச்சிரைத்து, முதல் சொல்லில் பாதியை விழுங்கிவிட்டார். இன்னொரு முறை பாடிவிடலாம் என்று திரும்பிப் பார்த்தால், வாத்தியக்காரர்கள் பேருந்து ஏறிவிட்டிருந்தார்கள்.

அந்த இசைத்தட்டை வாங்கியவர் மாஸ் ஆபி. ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி ஆட்டம் நடத்துவாரே, அவரேதான். வாங்கியதும் என்ன செய்தார்? நடுவில் பெயர் போட்டிருந்த காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் காசால் சுரண்டி எறிந்தார். போட்டிக்காரன் எட்டிப் பார்த்தால் பாடியவன் பெயர் தெரிந்துவிடக் கூடாதே! பாட்டு பறந்தது, பெயர் போயிற்று. ஊர் இளவட்டங்கள் அந்த மூச்சிரைப்பை நாகரிகமாக்கிவிட்டார்கள். பெண்ணிடம் பேசப் போகிறவன்கூட முதலில் "ஹா... ஹா..." என்றுதான் ஆரம்பித்தான்!

அப்போது ஒரு புளுகன் கிளம்பினான். "அந்தப் பாட்டைப் பாடினது நான்தான்" என்றான். அவனுக்கு மீன் இலவசம், பீர் இலவசம். வெட்கமில்லாத அந்த ஜென்மம் யார் தெரியுமா? கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கிறானே, இவன்தான்!

சிரியுங்கள், தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள். அந்த நீல விசிறி அம்மா எனக்கு அன்றைக்கு மீன் கொடுத்தவர். அதனால்தான் சிரிக்கவில்லை.

மாஸ் ஆபி அந்தப் பாட்டை ஆயிரம் தட்டு அச்சிட்டு விற்க முடிவு செய்தார். இம்முறை பெயரோடு! யார் பெயர்? நான் என்றேன் நான். நான் என்றார் லாசல்ஸ். சாட்சி சொல்ல முதலாளி இல்லை, லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். வாத்தியக்காரர்கள் எந்தக் கடற்கரை ஓட்டலிலோ. ஈஸ்டர் திங்கள், பட்டப்பகல், மாஸ் ஆபியின் புல்வெளியில் ஊர் கூடியது.

முதலில் நான் பாடினேன். ஓராண்டு கண்ணாடி முன் பழகிய மூச்சிரைப்பு! தகரவேலியைத் தட்டித் தீர்த்தது கூட்டம். பிறகு லாசல்ஸ் பாடினார். தேன்தான், தெளிவுதான். ஆனால் மூச்சு?

"யோவ், மூச்சு எங்கய்யா?" என்றான் ஒருவன்.

"அது தப்புங்க. அன்னிக்கு ஓடினேன், அதனால வந்துச்சு."

"பாட்டுல பாதியே அதுதானய்யா! விட்டுக் காட்டு!"

விட்டுக் காட்டினார். ஆடு இருமியது போல இருந்தது. மாஸ் ஆபி பேனாவைத் திறந்து என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். என் நெஞ்சில் குளிர்ச்சி.

"நிறுத்துங்க மாஸ் ஆபி!" என்றார் அவர். "ஆம்ப்ளிஃபயரை அந்த மாமரத்தடிக்குக் கொண்டு போங்க. ஆறு எட்டு தள்ளி."

வைத்தார்கள். லாசல்ஸ் பாடினார். முதல் சரணம் முடிந்ததும் ஓடினார்! திருகினார், திரும்பினார், மைக்கைப் பிடித்தார். "ஹா... ஹா..." அதே மூச்சு, அதே இடம், அதே பாதிச் சொல்! மறுகணம் தகரவேலி ஒரு பக்கம் சாய்ந்தேவிட்டது.

மாஸ் ஆபி என்னைப் பார்த்தார். "நீயும் ஓடிப் பாடு ராசா."

ஓடினேன். திரும்பி வந்தேன். மூச்சு வந்தது, ஐயா, நிறையவே வந்தது. பாட்டுதான் வரவில்லை!

நாலு பேர் சட்டைக் கையை மடித்தார்கள். குறுக்கே நின்றவர் யார்? இதே லாசல்ஸ். "விடுங்கய்யா. பய நல்லாத்தான் பாடுறான். அடுத்த பாட்டை இவன் பாடட்டும், நான் பொத்தானைப் பாத்துக்கறேன். எனக்கும் ஓடி மாளல."

அப்படித்தான் நான் பாடகனானேன். முப்பது தட்டுகள்! என் குரலின் கரகரப்பைக் கழுவியவர் யார்? நான் தாளம் தப்பிய இடத்தில் எதிரொலியைப் போட்டு மூடியவர் யார்? அட்டையில் கொட்டை எழுத்தில் என் பெயர். அவர் பெயர் எங்கே? எங்கேயும் இல்லை! ஒரு பாட்டைத் திருடியபோது ஊர் என்னை அடிக்க வந்தது. முப்பது பாட்டில் அவர் பெயரை விழுங்கியபோது ஊர் எனக்குக் கைதட்டியது. இரண்டும் திருட்டுதானே? நாற்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதுதான் பெரிய திருட்டு.

அண்ணா, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த முப்பது தட்டும் மறுபடி அச்சாகி வந்திருக்கின்றன. இதோ முதல் தட்டு. மிஸ் ஐவரீன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படியுங்கள். மேலே இருப்பது லாசல்ஸ் பின்னாக். அதன் கீழேதான் நான்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், மணியை அடிக்காத தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்!