சுவரோரப் பெட்டி

...ரெண்டு வருஷமா கேக்காத கேள்விய அந்தப் பொண்ணு போன மாசம் வந்து கேட்டா, நான் என்னண்ணே பண்றது? மெதுவா, மெதுவா! பெட்டியோட அந்தக் கால் உளுத்துக் கெடக்கு, ஆணிய மட்டும் புடுங்குங்க. தெர்மாமீட்டரெல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டேன்.

இருபத்தாறு வருஷமா வானிலை ஆபீசுக்காக இந்த வெள்ளைப் பெட்டியத் தெறந்து சூடு பாத்து எழுதறவ நான். ஒரு நாள் தவறினதில்ல. காய்ச்சல்ல கெடந்தப்ப எங்க வீட்டுக்காரர அனுப்பினேன். அவரு எழுதின ஏழு ஒண்ணு மாதிரி இருக்கும்... அத விடுங்க.

அந்தப் பொண்ணு ஆராய்ச்சி பண்ண வந்தவ. என் பழைய நோட்டுப்படி இந்த ஊர்ல மட்டும் ராத்திரிச் சூடு ஒரே வருஷத்துல ஒன்றரை டிகிரி எகிறியிருக்காம். மேகந்தான் காரணம்னா. கீழ இருக்கற தடி மேகம் வெயில மறைக்குமாம், ஒசரத்துல இருக்கற மெல்லிசு மேகம் போர்வ மாதிரி சூட்ட அமுக்கி வைக்குமாம். பூமி சூடாக ஆக எந்த மேகத்தோட கை ஓங்கும், எவ்வளவு ஓங்கும்னு உலகத்துல இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலையாம். சரி, கண்டுபுடிக்கட்டும்னு விட்டேன். ரெண்டு வருஷம் மொட்டமாடியில அண்ணாந்து பாத்தே கழுத்து வலி வந்துடுச்சு அவளுக்கு. நாந்தான் தைலம் குடுத்தேன்!

போன மாசம் திடீர்னு கேக்கறா, "அம்மா, இந்தப் பெட்டி எப்பவும் இங்கதான் இருந்துச்சா?"

பதினோரு வருஷம் முன்னாடி வரைக்கும் மைதானத்து நடுவுல இருந்துச்சுண்ணே. மழையில வழுக்கி விழுந்தேன், முட்டி வீங்கிப் போச்சு. நாந்தான் ஆள் வச்சு இந்தச் சுவரோரமா நகத்தினேன். குடை புடிக்காம வரலாம் பாருங்க! பகல் பூரா வெயில் குடிச்ச சுவரு, ராத்திரி பூரா சூட்டக் கக்கும்னு எனக்கென்ன தெரியும்? சரி, தெரியும். அதான் நகத்தினத நோட்டுல எழுதல.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ கத்தல. படியில ஒக்காந்துட்டா. ரெண்டு வருஷ உழைப்பு இல்லையா... டீ போட்டுக் குடுத்தேன், ஆறிப்போறவரைக்கும் கையிலயே வச்சிருந்தா.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நப்பாச. கேட்டுட்டேன்: "ஏம்மா, அப்ப பூமி சூடாகுதுங்கறதெல்லாம் என்னைய மாதிரி முட்டிவலிக்காரிங்க நகத்தின பெட்டியாலதானா?"

சிரிச்சிட்டாண்ணே. "அந்த மாதிரி பெட்டியெல்லாம் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போடறோம். அப்பவும் ஏறுது. கடல்லயும் ஏறுதும்மா, கடல்ல ஏது சுவரு?"

ஆணி வந்துடுச்சா? புடிங்க, நானும் ஒரு கை புடிக்கறேன், பழையபடி மைதானத்து நடுவுக்கே கொண்டு போயிடலாம்.

எத்தனையோ தடவ அடுத்தவங்க மேல பழியப் போட்டுத் தப்பிச்சிருக்கேன். பூமி சூடாகற இந்த ஒண்ணு மட்டும், முழுசும் என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதாண்ணே?