பதினாறாவது சீட்டு

கண்டக்டர் அக்கா: ...சரி, உன் பரீட்சைக் கட்டுல அடுத்த சீட்டு. ஹெப்பாரின். எதுக்கு?

மாணவி: ரத்தம் உறையாம இருக்க. தினம் உங்க வயித்துல ஊசி போடறோமே, அதான்.

கண்டக்டர் அக்கா: குத்து வாங்கினது நான். கண்ண மூடிக்கிட்டது நீ.

மாணவி: ஒரு கண்ணுதான்க்கா. இன்னொண்ணு ஊசி மேலதான் இருந்துச்சு.

கண்டக்டர் அக்கா: எங்க பஸ் டிரைவரும் அப்படித்தான் ஓட்டுவாரு. அதான் படியிலேருந்து விழுந்து, கால்ல பிளேட்டோட கிடக்கேன். சரி, பக்க விளைவு?

மாணவி: ரத்தக்கசிவு. ஈறு, மூக்கு... அப்புறம் ஒண்ணு இருக்குக்கா. காலைல குளிக்கும்போது சொன்னேன், டக்குனு வந்துச்சு.

கண்டக்டர் அக்கா: அப்போ பரீட்சைய குளியலறையில வைக்கச் சொல்லு.

மாணவி: வெச்சாலும் பாஸாக மாட்டேன். அட்டவணையில குளிக்கவே நாலு நிமிஷம்தான்.

கண்டக்டர் அக்கா: அந்த அட்டவணைய இன்னொரு தடவ காட்டேன்.

மாணவி: மானத்த வாங்காதீங்க. ரெண்டு நாள் உக்காந்து கலர் பென்சில்ல போட்டது. ஆறு பாடம், வார்டு டியூட்டி, உங்கள வெச்சு எழுதுற கேஸ் ஸ்டடி, வாரத்துக்கு மூணு டெஸ்ட்... எல்லாத்தையும் அடைச்சுட்டுக் கூட்டிப் பாத்தா, ஒரு நாளைக்கு இருபத்தேழு மணி நேரம் வருது.

கண்டக்டர் அக்கா: தூக்கத்தையும் சேத்தா?

மாணவி: தூக்கத்துக்கு வர்றதுக்குள்ள பென்சில் தீந்துபோச்சு.

கண்டக்டர் அக்கா: சிரிக்க வைக்காத, கால் வலிக்குது.

மாணவி: வலிக்கு என்ன மாத்திரைன்னு மட்டும் கேக்காதீங்க. அது பதினோராவது சீட்டு, இன்னும் படிக்கல... மணி என்னக்கா?

கண்டக்டர் அக்கா: மூணேகால். ஏன் பறக்குற?

மாணவி: நாலுக்குள்ள காலேஜ் ஆபீஸுக்குப் போகணும். ஒரு பேப்பர் குடுக்கணும்.

கண்டக்டர் அக்கா: என்ன பேப்பர்?

மாணவி: சும்மா ஒரு பேப்பர்... படிப்ப நிறுத்திக்கிறேன்னு. இன்னிக்குத்தான் கடைசி நாள்.

கண்டக்டர் அக்கா: ஓ.

மாணவி: அவ்வளவுதானா? ஓ மட்டும்தானா?

கண்டக்டர் அக்கா: வேற என்ன சொல்ல? பேப்பர எடுத்துக்கிட்டுக் கிளம்பு.

மாணவி: பையிலதான் வெச்சேன்... இருங்க, பாக்கறேன்...

கண்டக்டர் அக்கா: நல்லாத் தேடு. டிபன் டப்பாவுக்குள்ளயும் பாரு.

மாணவி: நீங்களே சொல்லுங்கக்கா, எனக்கு என்ன தகுதி இருக்கு? நேத்து உங்க பி.பி. கட்டத்துல என் ரோல் நம்பர எழுதிட்டேன்.

கண்டக்டர் அக்கா: நூத்தித் தொண்ணூத்தேழு. அடுத்த கட்டில் அம்மா எனக்காகக் கும்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

மாணவி: அந்தப் பாவமும் என் கணக்குலதான்.

கண்டக்டர் அக்கா: தப்பு யார் கண்ணுல பட்டுச்சு? நீயேதானே ஓடிப்போய் ஹெட் சிஸ்டர்கிட்ட சொன்ன? எத்தனை பேரு அப்படிச் சொல்வாங்க?

மாணவி: சொல்லிட்டு அரைமணி நேரம் திட்டு வாங்கினேன். அதுவும் அட்டவணையில இல்லாத அரைமணி.

கண்டக்டர் அக்கா: முதல் நாள் என் தலைய அலசி விட்டியே, ஞாபகமிருக்கா?

மாணவி: மெத்தை, தரை, என் ஷூ, எல்லாத்தையும் அலசினேன். உங்க தலைதான் பாதி காஞ்சு கிடந்துச்சு.

கண்டக்டர் அக்கா: ஒவ்வொரு குவளை ஊத்துறதுக்கு முன்னாடியும் முழங்கைய நனச்சு, சூடு பாத்துட்டு ஊத்தின. இருபது வருஷமா கூட்டத்துல இடிபட்டே பொழைக்கிறேன் பாப்பா. அன்னிக்குத்தான் ஒருத்தி என்னைப் பாத்துத் தொட்டா. காலைல கும்பிடும்போது இப்பல்லாம் உன்னையும் சேத்துக்கிறேன்.

மாணவி: ...அப்போ கடவுளுக்கும் வேலை ஜாஸ்திதான்.

கண்டக்டர் அக்கா: பைய மூடு. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

மாணவி: ஏன்க்கா?

கண்டக்டர் அக்கா: செவ்வாய்க்கிழம நீ குடுத்த கட்டுல பதினஞ்சு சீட்டுன்னு சொன்ன. எண்ணிப் பாத்தா பதினாறு. கடைசியா மடிச்சு இருந்தது மருந்து இல்ல. இந்தா, தலையணைக்கு அடியில.

மாணவி: படிச்சீங்களா?

கண்டக்டர் அக்கா: படிச்சேன். இறங்கறேன்னு பயணி வாயால சொல்லாம நான் எதுக்கு விசில் அடிக்கணும்னு சும்மா இருந்தேன்... ஆனா ஒண்ணு கேக்கணும். மூணு நாளாச்சு. இவ்வளவு முக்கியமான பேப்பரத் தொலைச்சுட்டு, இன்னிக்கு வரைக்கும் நீ ஏன் ஒரு தடவகூடத் தேடல?

மாணவி: தொலைக்கலக்கா. இப்பத் தேடினதும் சும்மாதான். நான்தான் அந்தக் கட்டுல சொருகினேன். ஆபீஸ்ல குடுத்தா முத்திரை குத்தி வாங்கிக்குவாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒவ்வொரு சீட்டுக்கும் ‘எதுக்கு’ன்னு கேப்பீங்க.