நல்லாங்குளம் இல்லாத பத்திரிகை

வைகுண்டராஜ்: கல்யாணப் பத்திரிகைய இன்னொருக்கா வாசியும் பாய். சத்தமா.

பீர் மைதீன்: "இராஜபாளையம் வைகுண்டராஜ் அவர்களின் மகள் பரிபூரணம்..."

வைகுண்டராஜ்: நான் எழுதிக் குடுத்த ஊரு?

பீர் மைதீன்: நல்லாங்குளம்...

வைகுண்டராஜ்: உம்ம பிரஸ்ல அத எடுத்த பய யாரு?

பீர் மைதீன்: உக்காருங்க அண்ணாச்சி, டீ சொல்றேன்...

வைகுண்டராஜ்: டீ கெடக்கட்டும்! மொதப் பத்திரிகை அய்யனாருக்கு. மஞ்சத் தடவி இன்னைக்கு வைக்கணும். சாமிகிட்டயே ஊரை மறைக்கச் சொல்றீரா?

பீர் மைதீன்: டவுன் பேரும் ஒரு கவுரவந்தான...

வைகுண்டராஜ்: ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தக்காரவிய சொன்னாவளா? தூங்குமூஞ்சி ஊர்ல பொண்ணெடுக்க வெக்கமாமா?

பீர் மைதீன்: அவிய சொல்லல. உங்க ஊரு ஸ்டாப்பு வந்தா கண்டக்டர் பயதான் "தூங்குமூஞ்சி எல்லாம் எறங்கு"ம்பான்...

வைகுண்டராஜ்: சிரிக்கீரா? மில்லுல எட்டு மணி நேரம் நின்னவன் பஸ்ல கண்ணசந்தா கேலியா? காலரா வந்த வருசம் டவுனே காலியாச்சே, தெரியுமா?

பீர் மைதீன்: வாப்பா சொல்லிருக்காக.

வைகுண்டராஜ்: சட்டிபானையோட எங்க வந்தாவ? எங்கய்யா பஞ்சு குடோனைத் தொறந்து விட்டாவ. மூணு மாசம் மூட்டை மேல படுத்துக் கெடந்தது யாரு? எங்க ஊர்ல வந்து தூங்குனவன் டவுன்காரன்! அதை எந்தக் கண்டக்டர் சொல்லுதான்?

பீர் மைதீன்: ...எங்க வாப்பாவும் அங்கனதான் கெடந்தாக.

வைகுண்டராஜ்: அப்பொறம் எப்படிய்யா மனசு வந்துச்சு?

பீர் மைதீன்: நான் எடுக்கல.

வைகுண்டராஜ்: எவன்? பேரைச் சொல்லும், இப்பவே அவன் வீட்டு முன்னால போயி நிக்கேன்.

பீர் மைதீன்: வேண்டாம் அண்ணாச்சி...

வைகுண்டராஜ்: சொல்லும்வேய்!

பீர் மைதீன்: ...பரிபூரணம். முந்தாநேத்து புரூப் பாக்க வந்து, அதுவே சிவப்பு மையில கோடு போட்டுச்சு.

வைகுண்டராஜ்: எம் மகளா? வாய் அழுகிரும் பாய்.

பீர் மைதீன்: அல்லா மேல ஆணை. "அப்பா விடமாட்டாகளே தாயி"ன்னேன். பள்ளிக்கூட சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டுச்சு. சொந்த ஊருங்கிற எடத்துல இராஜபாளையம்.

வைகுண்டராஜ்: சர்டிபிகேட்லயா?

பீர் மைதீன்: "ஒண்ணாப்புல சேக்கையில இப்படி எழுதிக் குடுத்தது யாரு மாமா?"ன்னுச்சு. எனக்கு என்ன தெரியும்... நீங்களே சொல்லுங்க.

வைகுண்டராஜ்: ...பிள்ளைய தூங்குமூஞ்சின்னு கூப்பிடுவாளுகளேன்னு... மொதல்ல ஊரை எடுத்த பய நாந்தான் பாய்.