மருமகள் என்ற சொல் வராத குறிப்புகள்

லெஸ்லி அண்ணைக்கு நீளமான அறிக்கை பிடிக்காது. காலை எட்டு மணிக்குக் கோப்பியுடன் உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான். மேசையில் ஒரு பேனை கூடுதலாகக் கிடந்தாலும் எனக்கு வேலை ஓடாது.

எங்கள் நிறுவனம் முதியவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிறது. ஸ்காபரோவிலிருந்து விட்பி வரை நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனம். குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்த பிறகு பராமரிப்பாளர் தன் போனில் நாலு வரி ஆங்கிலத்தில் எழுதுவார். முதியவர் எதைச் சொன்னாலும் சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி. அந்தக் குறிப்புகளைத் திரட்டி ஒவ்வொரு காலையும் லெஸ்லி அண்ணைக்கு அறிக்கையாகக் கொடுப்பது என் வேலை. அவர் மேற்பார்வை செய்யும் ஆண் தாதி. அறிக்கையில் ஏதாவது கண்டால்தான் அந்த வீட்டுக்குப் போன் எடுப்பார், அல்லது நேரே போவார். வீட்டுக்குள் கிடக்கும் ஒரு கிழவியின் சொல் வெளியே வர அநேகமாக வேறு வழி இல்லை. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல நான் வரவில்லை.

கணினி அட்டவணையில் வரிகளை வடிக்கும் பில்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அது பெரிய வித்தையல்ல. குறிப்புகள் இருக்கும் நிரலைத் தெரிவுசெய்தால் ஒரு சிறு பெட்டி திறக்கும். 'இந்தச் சொல் உள்ளவை' என்று கேட்கலாம். 'இந்தச் சொல் இல்லாதவை' என்றும் கேட்கலாம். சொல்லை எழுதி அழுத்தினால் வேண்டாத வரிகள் கண்ணிலிருந்து போய்விடும். அழிவதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒரு குறிப்பைக்கூட அழிக்கவில்லை.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். வயதான அம்மாமார் வெளியாள் ஒருவரைக் கண்டதும் முதலில் மருமகளைப் பற்றித்தான் தொடங்குவார்கள். கறியில் உப்பில்லை, தேத்தண்ணீர் ஆறிப்போச்சு, மகனைக் கதைக்க விடுகிறாளில்லை. பராமரிப்பாளர்கள் அதையும் எழுதினார்கள். போன வருடம் மார்ச்சில் ஒருநாள் லெஸ்லி அண்ணை அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, உதென்ன? ஒரு நாளிலை இருபத்திரண்டு மருமகள் கேஸ். என்ரை அம்மாவும் என்ரை மனிசியைப் பற்றி உப்பிடித்தான் சொல்லித் திரியிறவ. நாங்களும் ஜெயிலுக்கோ போறது?"

"அப்ப என்ன செய்ய அண்ணை?"

"உதுகளை வேறை பக்கத்திலை போடுமன். வெள்ளிக்கிழமையிலை ஆறுதலாப் பாக்கிறன்."

வேறு பக்கத்தில் போடத்தான் சொன்னார். நான் 'இல்லாதவை' என்பதைத் தெரிவுசெய்து, மருமகள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதினேன். அந்த மற்றப் பக்கத்தைச் செய்யவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை கேட்டார். "புதுசா ஒண்டும் இல்லை அண்ணை" என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை.

நான் பில்டர் போடத் தொடங்கிய திகதியை நீங்கள் சுட்டிக்காட்டினீர்கள். உண்மைதான். அன்றைய இருபத்திரண்டு குறிப்புகளில் பதினேழாவது என் வீட்டிலிருந்து வந்தது. அறிக்கையில் பெயர் வராது, ஒவ்வொரு வீட்டுக்கும் நிறுவனம் கொடுத்த இலக்கம்தான் வரும். லெஸ்லி அண்ணை அவ்வளவு கீழே வாசித்திருக்கவில்லை.

என் மாமி யோகராணிக்குப் பாரிசவாதம் வந்து இடது கால் இழுபட்ட பிறகு, எங்கள் நிறுவனத்திலிருந்துதான் அவருக்கும் ஆள் வந்தது. கணவர் ஜனார்த்தன் அமெரிக்காவுக்கு லொறி ஓடுகிறார். போனால் ஆறேழு நாள். மில்லிக்கனில் அந்த வீட்டில் நானும் மாமியும்தான். ஜனார்த்தன் வழியிலிருந்து போன் எடுக்கும்போது நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொள்வேன். "அம்மா, சுகமோ?" என்பார். "ஓம் ராசா" என்பார் மாமி.

ஸ்டெபனி என்ற பிள்ளை காலையில் ஒரு மணி நேரம் வருவாள். அவள் எழுதிய அந்த வரி இதுதான்: 'மருமகள் தன்னோடு கதைப்பதில்லை என்று சொல்கிறார்.' நான் அதை மூன்று தரம் வாசித்தேன். பதினெட்டு வருடத்தில் மாமி என் முகத்துக்கு நேரே ஒரு குறை சொன்னதில்லை. யார் வந்தாலும் "நிலாணி நல்ல பிள்ளை" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நான் அத்தனை வருடமும் சமைத்திருக்கிறேன். இப்போது தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்தது. தினமும் பில்டரை எடுத்துவிட்டு, எங்கள் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, திரும்பப் போடுவேன். அரை நிமிட வேலை. சிலர் அந்த நேரத்தில் இராசிபலன் பார்ப்பார்கள்.

மே மாதம் விட்பியில் ஓர் அம்மா, மருமகள் தள்ளிவிட்டாள், இடுப்பு நோகிறது என்று நாலு நாள் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாள் அம்புலன்ஸ் வந்தது. அவர் வீடு திரும்பவில்லை.

"ஒருதரும் ஒண்டும் எழுதேல்லையோ தங்கச்சி?" என்று கேட்டார் லெஸ்லி அண்ணை.

"பாத்துச் சொல்லுறன் அண்ணை."

பார்த்தேன். நாலு குறிப்புகளும் இருந்தன. அன்று நான் பில்டரை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் எல்லா வீடும் வந்திருக்கும், எங்கள் வீடும். "ஒண்டும் இல்லை" என்று சொன்னேன்.

மாமிக்குத் தண்ணீரைக் குறைத்தது கோபத்தில் செய்ததல்ல. நான் யாருடனும் உரத்துக் கதைக்காதவள். ஒரு நாளில் நாலு தரம் படுக்கை விரிப்பு மாற்றிப் பார்த்தவர்களுக்கு விளங்கும். குறையக் குடித்தால் குறைய நனையும். முதலில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நிறுத்தினேன். பிறகு மத்தியானத்துக்குப் பிறகு.

ஒருநாள் ஸ்டெபனி வாசலில் சப்பாத்துப் போட்டபடி நின்றாள்.

"அக்கா, அம்மம்மாக்குச் சரியான தண்ணி விடாய். ரெண்டு கப் ஒரே மூச்சிலை குடிச்சவ. இட்ஸ் நொட் நோர்மல், யூ நோ."

"டொக்டர்தான் குறைக்கச் சொன்னவர்."

"ஃபைலிலை அப்பிடி ஒண்டும் இல்லையே அக்கா."

"நீர் டொக்டரோ?"

அவள் முகம் சிவந்தது. போய்விட்டாள். ஆனால் எழுதினாள். 'மருமகள் தண்ணீர் தருவதில்லை. கழிப்பறைக் குழாயில் குடிப்பதாகச் சொல்கிறார். மருமகளிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்.' அன்று பின்னேரம் கழிப்பறையில் கை கழுவும் தொட்டியின் கீழுள்ள வால்வைப் பூட்டினேன். அடுத்த கிழமை, மருமகளுக்குத் தெரியாமல் தலையணைக்குப் பின்னால் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் தண்ணீர் வைத்திருப்பதாக எழுதியிருந்தது. போத்தலை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மாமி அப்போது என்னை நெடுநேரம் பார்த்தார். தான் சொன்னவை எனக்கு எப்படி எட்டுகின்றன என்று யோசித்திருப்பார். ஸ்டெபனியைத்தான் சந்தேகித்தார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவளிடமும் வாய் திறக்கவில்லை என்று அவளே எழுதியிருந்தாள். அந்த வரியில் எங்கும் மருமகள் இல்லை. ஆகவே அது அறிக்கைக்குப் போகவிருந்தது. அன்று ஒரு நாள் மட்டும் எங்கள் இலக்கத்தையும் பில்டரில் போட்டேன்.

ஸ்டெபனி நேரே லெஸ்லி அண்ணையிடம் போகக்கூடியவள். பராமரிப்பாளரை மாற்றித் தரும்படி கேட்க எந்தக் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. தமிழ் தெரியாத ஒரு பெண்ணைக் கேட்டு வாங்கினேன். நல்ல பெண், அமைதியானவள். மாமிக்கு ஆங்கிலத்தில் 'தாங்க்யூ' மட்டும்தான் தெரியும். காலையில் அவள் கொடுத்த அரைக் கோப்பைத் தேத்தண்ணீரை நான் தடுக்கவில்லை.

அந்த ஓகஸ்ட் நல்ல வெக்கை. ஜனார்த்தன் டெக்சஸ் வரை போயிருந்தார். அந்தப் பெண் வரத் தொடங்கிப் பத்தாம் நாள் காலை மாமியை எழுப்பப் பார்த்து, எழுப்ப முடியாமல் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில், உடம்பில் தண்ணீர் வற்றிச் சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். அடுத்த நாள் மாமி முடிந்துபோனார். செத்தவீட்டில் லெஸ்லி அண்ணை ஸ்டெபனியிடம், நீ ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார். அவள் தன் போனைத் திறந்து பத்தொன்பது குறிப்புகளைக் காட்டினாளாம். அவள் சொன்னது முழுக்க உண்மை.

மாமியைக் கொன்றது நான்தான். வேறு யாரையும் தேட வேண்டாம். லெஸ்லி அண்ணை நான் கொடுத்ததைத்தான் வாசித்தார். ஜனார்த்தனுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வாக்குமூலத்தில் எங்கே ஒப்பமிட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஒன்பது நாளும் எங்கள் இலக்கத்துக்குப் பில்டர் தேவைப்படவேயில்லை. அந்தப் பெண் எழுதியவற்றை எல்லாம் அப்படியே வாசித்தேன். 'அமைதியாக இருக்கிறார். முறைப்பாடு இல்லை.' ஒன்பது நாளும் இதே இரண்டு வசனம். வாசிக்க வாசிக்க எனக்கு மனம் ஆறியது. மாமி கடைசியில் என்னை விளங்கிக்கொண்டுவிட்டார் என்றே இப்போதும் நினைக்கிறேன்.